‘செம’ என்னும் பாராட்டுச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

‘செம’ என்றால் என்ன பொருள்?

‘அருமை’, ‘பிரமாதம்’ என்பதுதான் பலரும் உடனே சொல்லும் பொருள். படம் பார்த்துவிட்டு வருபவரிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், அவர் “செம” என்று ஒரே சொல்லில் விடை தருவார். அது பாராட்டு என்பதில் யாருக்கும் ஐயம் எழாது. ஆனால் அதே மனிதர் வெளியே வந்து “செம வெயில்”, “செம கூட்டம்”, “செம பசி” என்று சொல்லும்போது வெயிலையோ கூட்டத்தையோ பசியையோ அவர் பாராட்டவில்லை. எனவே இந்தச் சொல்லின் அடிப்படைப் பொருள் ‘அளவில் மிகுந்தது’ என்பதே. எதன் அளவு மிகுந்தது என்பதை அடுத்து வரும் சொல்லோ பேசும் சூழலோ காட்டுகிறது; மிகுந்தது நல்லதாக இருந்தால் அது பாராட்டாகிறது, தொல்லையாக இருந்தால் முறையீடாகிறது. ‘செம’ என்பதைப் பாராட்டுச் சொல் என்று மட்டும் கற்றுக்கொள்பவர்கள் “செம காய்ச்சல்” என்பதைக் கேட்டுத் திகைப்பதற்கு இதுவே காரணம்.

அப்படியானால் ஒருவர் பாராட்டுகிறாரா இல்லையா என்பதை எப்படி அறிவது?

பெரும்பாலும் வினைச்சொல்லைப் பார்த்தால் போதும். சேப்பாக்கம் மைதானத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தாண்டிப் பறக்கும்போது பின்வரிசையிலிருந்து “செம அடி!” என்று குரல் வந்தால், அது மட்டையாளருக்குக் கிடைத்த பாராட்டு. “அவன் நேத்து வீட்டில செம அடி வாங்கினான்” என்றால் அவன் நிலைமை பரிதாபம். இரண்டிலும் ‘செம அடி’ என்ற தொடர் ஒன்றே. அடித்தவர் பக்கம் நின்று சொல்கிறோமா, வாங்கியவர் பக்கம் நின்று சொல்கிறோமா என்பதுதான் வேறுபாடு.

‘பேச்சு’ என்ற சொல்லோடு சேரும்போது இந்த ஆட்டம் இன்னும் சுவையானது. மேடைப் பேச்சாளர் ஒருவரைக் கேட்டுவிட்டு “செம பேச்சு” என்றால் அது புகழ்ச்சி. மேலதிகாரியின் அறையிலிருந்து வெளியே வருபவர் “செம பேச்சு” என்று முணுமுணுத்தால், அவர் நன்றாகத் திட்டு வாங்கியிருக்கிறார் என்று பொருள். ‘ஓட்டுவது’ என்ற வினையும் இப்படித்தான். “செமையா ஓட்டுறான்” என்பது வண்டி ஓட்டும் திறமையைச் சொல்லலாம். நண்பர்கள் கூடி ஒருவரை விடாமல் கேலி செய்வதையும் சொல்லலாம். எழுத்தில் மட்டும் படிப்பவருக்கு இவற்றில் சிக்கல் வரக்கூடும். நேரில் கேட்பவருக்குக் குரலும் முகமும் உதவிக்கு வந்துவிடும்.

பின்னால் பெயர்ச்சொல் எதுவும் வராமல் ‘செம’ தனியாக நின்றால், கேலியாகச் சொல்லப்படாத வரையில், அது பாராட்டாகத்தான் இருக்கும். ‘அருமை’ என்பதை மட்டும் பொருளாகக் கொள்பவர்கள் பிழையின்றிப் புரிந்துகொள்ளக்கூடிய இடம் இது ஒன்றே.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

இரண்டு விளக்கங்கள் சொல்லப்படுகின்றன. ‘செம்மை’ என்ற பண்புப்பெயரின் சிதைவு என்பது ஒன்று. செம்மைக்குச் சிவப்பு, நேர்மை, ஒழுங்கு, சிறப்பு எனப் பல பொருள்கள் உண்டு. “சிறப்பென்னும் செம்பொருள் காண்பது அறிவு” என்று வள்ளுவர் சொல்வதும், செந்தமிழ், செங்கோல் என்று நாம் வழங்குவதும் இந்தச் சொல்லின் வழி வந்தவையே. மற்றொன்று, ‘சுமை’ என்ற சொல்லோடு இதைத் தொடர்புபடுத்துவது. சில வட்டாரங்களில் ‘சுமந்து’ என்பதைச் ‘செமந்து’ என்று சொல்வதுண்டு. பாரமான, கனமான என்ற பொருளிலிருந்து ‘மிகுதியான’ என்ற பொருள் கிளைத்திருக்கலாம் என்பது அந்த விளக்கம்.

செம்மை என்ற விளக்கத்துக்கு எதிராக எழுப்பப்படும் கேள்வி, “சிறப்பு என்ற பொருளுள்ள சொல் அடியோடும் காய்ச்சலோடும் எப்படிச் சேரும்?” என்பதாகும். இந்தக் கேள்வி எனக்கு வலுவானதாகத் தோன்றவில்லை. ‘நல்ல’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். “நல்ல அடி”, “நல்ல மழை”, “நல்ல காய்ச்சல்”, “நல்லா மாட்டிக்கிட்டான்” என்று நாம் தயக்கமின்றிச் சொல்கிறோம். ‘சரியான’ என்பதும் அப்படியே: “சரியான உதை”, “சரியான கஞ்சன்”. கஞ்சத்தனத்தில் சரி தவறு பார்க்க ஒன்றுமில்லை. அவருடைய கஞ்சத்தனம் முழுமையானது என்பதுதான் செய்தி. நன்மையையும் ஒழுங்கையும் குறிக்கும் சொற்கள் அளவின் மிகுதியைக் குறிக்கும் சொற்களாக மாறுவது தமிழில் நன்கு பழகிய வழி. ‘செம’ அந்த வழியில் வந்ததென்றால் வியப்பதற்கு ஏதுமில்லை.

வடிவத்தைப் பார்த்தால் மட்டும் சிறு இடறல் இருக்கிறது. செம்மை என்பது வேறொரு சொல்லோடு சேரும்போது அதன் ஈறு கெட்டு, எஞ்சிய மெய் அடுத்த எழுத்துக்கு ஏற்றபடி திரியும்; செந்தமிழ், செஞ்சொல், செங்கோல், செம்பொன் என்பவற்றில் இதைக் காணலாம். நன்னூல் பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு வகுத்த “ஈறுபோதல்” எனத் தொடங்கும் நூற்பாவின்படி நடப்பவை இவை. ‘செம’ இந்த வேலை எதையும் செய்வதில்லை. கதை வந்தாலும் தூக்கம் வந்தாலும் சண்டை வந்தாலும் அது ‘செம’ என்றே நிற்கிறது. பழைய கூட்டுச்சொற்களின் காலத்தில் உருவாகாமல், பேச்சில் பிற்காலத்தில் தனிச்சொல்லாக உருப்பெற்றது என்பதற்கு இதையே அடையாளமாகக் கொள்ளலாம்.

செம, செமை, செம்ம: எப்படி எழுதுவது சரி?

தனியாகவும் பெயர்ச்சொல்லுக்கு முன்னாலும் ‘செம’ என்று எழுதுவதே பெருவழக்கு. ‘செமையாக’ என்ற வினையடையில் ஐகாரம் வெளிப்படுவதால் சிலர் தனிச்சொல்லையும் ‘செமை’ என்று எழுதுகிறார்கள், அதுவும் புரியும். ‘செம்மை’ என்று எழுதினால் பொருள் வேறாகிவிடும். “செம்மையான பணி” என்றால் ஒழுங்கான, குறையற்ற பணி; “செம வேலை” என்றால் வேலை பிரமாதம், அல்லது தலைக்கு மேல் வேலை.

பின்னால் வல்லினம் வந்தால் ஒற்று மிகுமா என்ற கேள்வியும் இங்கே சேர்ந்தே வரும். ‘செமப் படம்’ என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் இந்தச் சொல் ‘நல்ல’, ‘பெரிய’ போன்ற சொற்கள் நிற்கும் இடத்தில் நின்று அவற்றின் வேலையைச் செய்கிறது. நல்ல படம், பெரிய கூட்டம் என்பவற்றில் வல்லினம் மிகுவதில்லை. பேச்சிலும் யாரும் அழுத்திச் சொல்வதில்லை. எனவே ‘செம படம்’, ‘செம கூட்டம்’ என்று இயல்பாக விடுவதே பொருத்தம்.

‘செம்ம’ என்பது எழுத்துப் பிழையன்று. அது ‘செம’ என்பதன் அழுத்த வடிவம். மகிழ்ச்சியோ வியப்போ கூடும்போது மகரத்தை இரட்டித்துச் சொல்கிறோம். குறுஞ்செய்திகளில் அதுவும் போதாமல் ‘செம்ம்ம’ என்று எழுதுபவர்களைப் பார்த்துத் தமிழாசிரியர்கள் முகம் சுளிப்பதுண்டு. செய்யுளில் ஓசையை நீட்டுவதற்காக மெய்யெழுத்தை மீண்டும் எழுதும் வழக்கத்துக்கு ஒற்றளபெடை என்று பெயர். அளபெடுக்கக்கூடிய மெய்களில் மகரமும் ஒன்று. தனிக்குறிலின் பின் சொல்லின் இடையில் வருவது அது அளபெடுப்பதற்கு உரிய இடங்களில் ஒன்று. ‘செம்ம்ம’ என்று தட்டச்சு செய்யும் கல்லூரி மாணவர் நன்னூலைப் புரட்டியிருக்க மாட்டார். ஆனாலும் இடம் தவறாமல்தான் அளபெடுத்திருக்கிறார்.

வாக்கியத்தில் இது எங்கெல்லாம் வரும், எங்கே வராது?

பெயருக்கு முன் வரும் (செம பாட்டு), மற்றோர் அடைக்கு முன் வரும் (செம சூடான காபி), ‘ஆக’ சேர்ந்து வினைக்கு முன் வரும் (செமையாப் பாடினாங்க), தனித்தும் நிற்கும். எதிர்மறையில் மட்டும் இது உட்காராது. ஒரு படம் நன்றாக இல்லை என்றால் “படம் செம இல்லை” என்று யாரும் சொல்வதில்லை. “சுமார்தான்” என்பார்கள், “அவ்வளவா இல்ல” என்பார்கள், பொறுமை இழந்தவர்கள் “மொக்கை” என்பார்கள். அந்த மொக்கையையே பெரிதாக்க வேண்டுமானால் “செம மொக்கை” என்று அதே சொல் திரும்பி வந்து உதவும். ‘மிக’, ‘ரொம்ப’ என்பவையும் இதற்கு முன்னால் ஒட்டுவதில்லை; மிகுதியைச் சொல்லும் சொல்லுக்கு மேலும் ஒரு மிகுதி தேவைப்படாததே காரணம்.

சூப்பர், மாஸ், கெத்து, வேற லெவல் எல்லாம் இதே பொருளா?

இல்லை, ஒன்றின் இடத்தில் இன்னொன்றை அப்படியே வைக்க முடியாது. ‘சூப்பர்’ இன்று தேய்ந்துபோன சொல், ஒப்புதலாகக் கூடச் சொல்லப்படுகிறது (“நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடறேன்.” “சூப்பர்.”). அந்த இடத்தில் ‘செம’ என்றால் சற்றுக் கூடுதல் உற்சாகமாக ஒலிக்கும். ‘கெத்து’ ஒருவருடைய நிமிர்வையும் தோரணையையும் பற்றியது; சாம்பார் செமையாக இருக்கலாம், கெத்தாக இருக்க முடியாது. ‘மாஸ்’ என்பது கூட்டத்தைக் கவரும் ஆற்றல். திரையரங்கில் நாயகன் தோன்றும் காட்சிக்கு உரியது. ‘வேற லெவல்’ ஒப்பீட்டுச் சொல்: மற்றவையெல்லாம் ஒரு தளம், இது மட்டும் வேறு தளம். ஒரே உணவகத்தில் “பிரியாணி செம, அந்தச் சுக்கா வேற லெவல்” என்று ஒருவர் சொன்னால் அவர் எதை மறுபடியும் வரவழைக்கப் போகிறார் என்பது பரிமாறுபவருக்கே தெரிந்துவிடும்.

‘செமத்தியாக’ என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, அதுவும் இதுவும் ஒன்றா?

ஒரே குடும்பம்தான், ஆனால் ‘செமத்தி’க்குத் தனிப் பாராட்டாக நிற்கும் வழக்கம் இல்லை. யாரும் “செமத்தி!” என்று கைதட்டுவதில்லை. “செமத்தியா மாட்டிக்கிட்டான்”, “செமத்தியா வாங்கிக் கட்டிக்கிட்டான்” என்று பெரும்பாலும் ஒருவர் அகப்பட்டுக்கொண்ட நிலையைச் சொல்லத்தான் அது வரும். நல்ல பொருளில் என்றால் “கல்யாணத்துல செமத்தியான சாப்பாடு” என்பது போலச் சாப்பாட்டோடு வரும். மூத்த தலைமுறையின் பேச்சில் இன்றும் கேட்கலாம். இளையவர்கள் அதே இடத்தில் ‘செமையா’ என்று முடித்துக்கொள்கிறார்கள்.

‘செம’ பரவுவதற்கு முன்பு எந்தச் சொற்களால் பாராட்டினார்கள்?

சபாஷ், பலே, பேஷ், ஜோர், அபாரம், பிரமாதம் என்று வரிசை நீளும். இவற்றில் பல வடக்கிலிருந்து வந்தவை. ‘சபாஷ்’ என்பது ‘மகிழ்ந்திரு’ என்று வாழ்த்தும் பாரசீகத் தொடரிலிருந்து வந்தது. கச்சேரிகளில் ஒரு நல்ல சங்கதி விழும்போது முன்வரிசை ரசிகர்கள் தலையாட்டி “பலே”, “சபாஷ்” என்பது இன்றும் நின்றுவிடவில்லை.

இவற்றில் இரண்டு சொற்கள் நமக்கு இங்கே தேவைப்படுகின்றன. ‘ஜோர்’ என்பதற்குப் பாரசீகத்தில் வலிமை, விசை என்று பொருள். தமிழில் “ஜோராக மழை பெய்கிறது” என்றால் பலத்த மழை. “புடவை ஜோராக இருக்கிறது” என்றால் அழகான புடவை. விசையின் மிகுதி, அப்படியே பாராட்டாகிவிட்டது. ‘பிரமாதம்’ இன்னும் விந்தையானது. வடமொழியில் அது கவனக்குறைவையும் தவறையும் குறிக்கும். தமிழில் அது ‘பெரிய விஷயம்’ என்ற பொருளுக்கு நகர்ந்தது, “இதென்ன பிரமாதம்!” என்று கேட்கும்போது அந்தப் பொருள்தான் இருக்கிறது. அங்கிருந்து “பிரமாதமான சமையல்” என்ற புகழ்ச்சிக்கு வந்து சேர்ந்தது. இன்று ‘பிரமாதம்’ என்று எழுதினால் அதைக் கொச்சை என்று யாரும் அடித்துத் திருத்துவதில்லை. ‘பயங்கரம்’ என்ற சொல்லும் இப்போது இதே பாதையில்தான் போய்க்கொண்டிருக்கிறது. “பயங்கரமா நடிச்சிருக்கான்” என்பது இப்போது புகழ்ச்சிதான்.

இதை யாரிடம் சொல்லலாம், யாரிடம் தவிர்க்க வேண்டும்?

ஒத்த வயதினரிடமும் நெருக்கமானவர்களிடமும் தடையில்லை. அலுவலகங்களில் “செம சார்”, “செம மேடம்” என்று மரியாதைச் சொல்லைப் பின்னால் ஒட்டிச் சொல்வது இப்போது சாதாரணம். கேட்பவர் இளையவராகவோ இறுக்கமில்லாதவராகவோ இருந்தால் மகிழ்வார். முதன்முறை சந்திக்கும் பெரியவரிடமும், மேடையில் அமர்ந்திருக்கும் அறிஞரிடமும், சம்பந்தி வீட்டாரிடமும் “ரொம்ப நல்லா இருந்தது”, “அருமையா இருந்தது” என்பதே பாதுகாப்பானது. பொருளில் குறை இருப்பதால் அன்று, இந்தச் சொல்லில் தோளில் கைபோடும் உரிமை ஒன்று ஒலிப்பதால்தான் இந்த எச்சரிக்கை. துக்க வீட்டில் இதைத் தவிர்க்க வேண்டும் என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைத்தேன். ஆனால் “இறுதி ஊர்வலத்துக்குச் செம கூட்டம்” என்று மரியாதையாக நினைத்தே எழுதுபவர்கள் இருப்பதால் சொல்லிவைக்கிறேன்: அங்கே ‘பெருங்கூட்டம்’ என்று எழுதலாம்.

பெண்களைப் பற்றிப் பேசும்போது இந்தச் சொல் ஏன் சில நேரம் முகம் சுளிக்க வைக்கிறது?

காரணம் அதன் பின்னால் வழக்கமாக வந்துவிட்ட சில சொற்கள். ‘செம கட்டை’, ‘செம பீஸ்’ என்பவை பாராட்டு என்ற பெயரில் ஒரு மனுஷியைப் பொருளாக்கிப் பேசுபவை. சொல்பவர் எவ்வளவு சிரித்தபடி சொன்னாலும் அவை வசவுதான். இந்தப் பழக்கத்தின் நிழல் வெறும் ‘செம’ மீதும் விழுகிறது. எனவே அறிமுகம் குறைந்த ஒருவரிடம் “நீங்க செம” என்று ஆளைச் சொல்வதைவிட, “உங்க பேச்சு செம”, “அந்தக் கட்டுரை செம” என்று செயலைச் சொல்வது நல்லது. ஆண்களிடமும் இப்படிச் சொல்வதுதான் நல்ல பாராட்டு; எதற்காகப் பாராட்டுகிறோம் என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.

கேலியாகவும் சொல்வார்களா?

தாராளமாக. ஆட்டத்தின் கடைசி ஓவரில் மின்சாரம் போகும்போது, இருட்டில் யாராவது ஒருவர் “செம!” என்பார். குரல் தாழ்ந்து, சொல் சற்று இழுபட்டு, முடிவில் வியப்பு இல்லாமல் வந்தால் அது கேலி. எழுத்தில் இந்தக் குறிப்பு கிடைக்காது என்பதால், பழக்கமில்லாதவர்களுக்குக் கேலியாக ‘செம’ என்று எழுதி அனுப்புவது வீண் மனத்தாங்கலில் முடியலாம்.

இலங்கைத் தமிழரும் இதைச் சொல்கிறார்களா?

திரைப்படங்கள் வழியாகப் போய்ச் சேர்ந்து இளையவர்களிடம் புழங்குகிறது. ஆனால் யாழ்ப்பாணப் பேச்சுக்கு இந்த வேலைக்கு வேறு சொற்கள் ஏற்கெனவே இருக்கின்றன. மிகுதியைச் சொல்ல அங்கே ‘சரியான’ போதும்: “சரியான வெயில்”, “சரியான சனம்”. பாராட்டுவதற்கு “அந்தமாதிரி இருக்கு” என்பார்கள். சமையலோ பாட்டோ ஒப்பிட முடியாத அளவு நன்றாக இருக்கிறது என்று பொருள். தமிழ்நாட்டில் ‘அந்த மாதிரிப் படம்’ என்றால் வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்க முடியாத படம். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் “படம் அந்தமாதிரி” என்று பரிந்துரைத்தால் சென்னைக்காரர் அவசரப்பட்டு எந்த முடிவுக்கும் வர வேண்டாம்.

தேர்வுத்தாளிலும் அலுவல் கடிதத்திலும் எழுதலாமா? எழுதக்கூடாதென்றால் எதை எழுதுவது?

உரையாடலைக் காட்டும் கதை, திரைச் செய்தி, நகைச்சுவைக் கட்டுரை, விளம்பரம் ஆகியவற்றில் எழுதலாம். தேர்வுத்தாளிலும் விண்ணப்பத்திலும் அலுவல் கடிதத்திலும் எழுதக்கூடாது. மாற்றுச்சொல் தேடும்போது எல்லா இடத்திலும் ‘அருமையான’ என்று போட்டுவிடுவதுதான் வழக்கமாக நேரும் தவறு. “அருமையான போக்குவரத்து நெரிசலால் தாமதமாக வந்தேன்” என்று விண்ணப்பித்தால் விடுப்பு கிடைப்பது கடினம். முதலில் எதன் மிகுதி என்று பார்க்க வேண்டும். வெயிலும் பசியும் ‘கடும்’ என்பதோடு சேரும்; மழையும் காற்றும் ‘பலத்த’ என்பதோடு சேரும்; கூட்டத்துக்குப் ‘பெரும்’ பொருந்தும்; உறக்கம் ‘ஆழ்ந்த’, கோபம் ‘மிகுந்த’, விருந்து ‘சிறப்பான’ என்று ஒவ்வொன்றுக்கும் உரிய அடைமொழியைத் தமிழ் தனித்தனியாக வைத்திருக்கிறது. பேச்சில் இத்தனை அடைமொழிகளையும் தேடிக்கொண்டிருக்க நேரமில்லாததால்தான் ஒரே சொல் எல்லாவற்றுக்கும் பொதுவாகிவிட்டது.

என்னை ஒருவர் ‘செம’ என்று பாராட்டினால் என்ன பதில் சொல்வது?

நண்பராக இருந்தால் “தேங்க்ஸ் டா”, “தேங்க்ஸ் டி” போதும்; “சும்மா சொல்லாத” என்று ஒருமுறை மறுப்பதும் வழக்கம்தான். வயதில் இளையவர் மரியாதையோடு சொன்னால் “நன்றிப்பா” என்று சொல்லிவிடலாம். சமைத்தவர் நீங்கள் என்றால் பதிலே வேண்டாம், “இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க” என்று கரண்டியை நீட்டினால் போதும்.